ஐந்தாம் நம்பர் கேஸ்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பரீட்சைக்குப் போயிருந்தேன். எழுத அல்ல. வினாத்தாளாக.

சிரிக்காதீர்கள்... நிஜம்தான். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளின் பிராக்டிகல் பரீட்சையில் உண்மையான நோயாளிகளைத்தான் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு நமக்குப் பெயர் கிடையாது, 'கேஸ்'. என்ன வியாதி என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் சொல்லிவிடக் கூடாது.

ஆறு மாதமாக எனக்குத் தலைசுற்றல். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் போதும் – மயிலாப்பூர் மொத்தமும் கோபுரம், குளம், காய்கறிக் கடையோடு ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்கும். உள்காதில் பொடிக்கல் ஒன்று இடம் மாறிவிட்டதாம். மணலைவிடச் சின்னது. ஐம்பத்திரண்டு வயதுக்காரியைக் கவிழ்க்க அது போதும். வைத்தியம் பார்க்கிற காது மூக்கு தொண்டை புரொஃபசர் கேட்டார்: "நீங்க தெளிவா பேசுவீங்க. ஒரு நாள் கேஸா வந்து உக்காருங்களேன்?"

மறுப்பதற்குக்கூடச் சோர்வாக இருந்தது. போனேன்.

நான் நாலாம் நம்பர். பெஞ்சில் பக்கத்தில் ஐந்தாம் நம்பர் – தனபால். தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபடியே, "உங்களுக்கு எந்த ஏரியா?" என்றேன். பதில் இல்லை. நிமிர்ந்து கேட்டேன். உடனே பதில் வந்தது.

"ஈக்காட்டுத்தாங்கல். லேத் பட்டறை, முப்பது வருஷம். மூஞ்சியப் பாத்துப் பேசு மேடம். உதட்டப் பாத்துதான் புரிஞ்சிக்கினு கீறேன். ரெண்டு காதும் அவுட்டு."

"அப்ப பசங்க வந்து, காது டெஸ்ட் பண்ற அந்தக் கவை இரும்பைத் தட்டி, காதுகிட்ட வெச்சா?"

"கேக்குதுன்னு சொல்லிருவேன்."

"கேக்காதே!"

"கேக்காது. ஆனா பாவம் மேடம். கேக்கலன்னா மூஞ்சி சுண்டிப் போவுது அதுங்களுக்கு. நம்மால முடிஞ்சது... ஒரு நல்ல வார்த்த."

அட கடவுளே, அந்த நல்ல வார்த்தைதான் அவர்களைக் கவிழ்க்கும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் சிஸ்டர் வந்துவிட்டார். "கேஸுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது!" எங்களுக்கு நடுவே ஒரு திரைச்சீலை.

எனக்கு வாய்த்தவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். முதல் கேள்வியே – "ஆன்ட்டி, தல சுத்துதுன்னா நீங்க சுத்துற மாதிரியா, ரூம் சுத்துற மாதிரியா?"

இந்த வயதில் ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? வீடு, ஆபீஸ், அடையாறு, தி.நகர் என்று நான்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"ரூம்தான் தம்பி."

எழுதிக்கொண்டான். பிறகு என்னைச் சட்டென்று மல்லாத்தி, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, வலது பக்கம் திருப்பினான். "கண்ண மூடாதீங்க!" கூரை உருகி வழிந்தது. ஜன்னல் ஓடியது. என் கண்மணிகள் துடிப்பதை – அதுதான் இந்த வியாதிக்கு அடையாளமாம் – பார்த்துவிட்டு அவன் கத்தினான்: "சூப்பர்! சூப்பர் ஆன்ட்டி!"

இத்தனை வருஷம் பத்திரிகைகளில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் இப்படிப் பாராட்டியதில்லை.

சுற்றல் அடங்கட்டும் என்று கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, எனக்கு இது ரெண்டாவது தடவ. இதுலயும் போச்சுன்னா என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போயிடுவாங்க. நான் மட்டும் இங்கயே... கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க ஐயா."

ஹெல்ப்! யாரிடம் போய் எதைக் கேட்கிறாய், பெண்ணே?

ட்டிங். "கேக்குதா ஐயா?"

"சூப்பரா கேக்குது டாக்டரம்மா."

ட்டிங். "இந்தப் பக்கம்?"

"ஜோரா கேக்குது."

"எந்தக் காதுல நல்லா கேக்குது?"

"உனக்கு எது வோணும்?"

நான் இருமினேன். யாருக்கு? தனபாலுக்குக் கேட்காது. எழுந்திருக்கப் பார்த்தேன்; கட்டில் படகாகிச் சாய்ந்தது. மறுபடி படுத்துக்கொண்டேன். திரைக்கு அப்பால் பேச்சு நின்றுபோயிருந்தது. காகிதத்தில் பேனா ஓடுகிற சத்தமா அது? 'நார்மல்' என்று எழுதிவிட்டாளோ?

"இப்ப கேக்குதா ஐயா?"

"கேக்குதும்மா."

எனக்கு 'ட்டிங்' கேட்கவில்லையே... மெல்லத் தலையைத் திருப்பித் திரையின் இடைவெளியில் பார்த்தேன். அவர் காதருகே அந்த இரும்பு இருந்தது. அவள் அதைத் தட்டவே இல்லை.

ஸ்டூலை இழுத்து, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். "நான் தட்டல ஐயா."

தனபால் தரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கோச்சிக்காதம்மா. ரெண்டாவது தடவன்னு சொன்னியா... மனசு கேக்கல."

"நீங்க கேக்குதுன்னு சொன்னாத்தான் நான் ஃபெயில். கேக்கலன்னா, கேக்கலன்னு சொல்லுங்க. ப்ளீஸ்."

ட்டிங். "கேக்குதா?"

தனபால் இரும்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "...கேக்கல."

ட்டிங். "இது?"

"கேக்கல."

ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கொஞ்சம் சின்னதானது. எனக்குத் தெரிந்து, அந்தக் கட்டிடத்தில் அன்றைக்குக் கஷ்டமான பரீட்சை எழுதியது அவர்தான். கடைசியில் இரும்பை வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்க அல்ல.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். நாமும்தானே? "எப்படி இருக்கீங்க?" – "நல்லா இருக்கேன்." "சிரமமா?" – "சேச்சே." எதிராளி முகம் சுண்டக் கூடாது என்று ஒரு நாளைக்கு எத்தனை 'ஆமாம்'! சாயங்காலமானால் கை கால் அசந்து போகிறதே, ஏன் என்று விட்டமின் மாத்திரை வாங்குகிறோம்.

போன வாரம் புரொஃபசர் ஃபோன் செய்தார். அந்தப் பெண் பாஸ்.

தனபாலுக்குச் சொல்ல வேண்டாமா? ஃபோனில் உதடு தெரியாது. அதனால், புரொஃபசரிடமே பட்டறை விலாசம் வாங்கி, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே ஈக்காட்டுத்தாங்கல் போனேன். பட்டறையில் நாலு மெஷின் ஒன்றாக அலறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன்: 'பொண்ணு பாஸ்.'

உள்ளே, கடைசி மெஷினில், தனபால் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

காது நன்றாக இருந்த மற்ற மூன்று பேரும், "இன்னா? இன்னாவாம்?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.