கர்க்கடகத்தில் வந்த ஜீப்

1949 ஜூன் 11, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. மழை இன்னும் விழவில்லை. கடலுக்கு மேலே வானம் கரி பூசினதுபோல் கறுத்திருந்தது. காற்று அசையவே இல்லை. சட்டைக் காலர் கழுத்தோடு ஒட்டியது. பம்பாயில் சௌபாட்டிக் கடற்கரைக்குப் பின்னால் இருந்த ஒரு மோட்டார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் பின்னால் வந்த பாய் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்.

"பாய், இது கடை. பள்ளிவாசல் இல்லை."

"தரையப் பாரும் சாமி, மொகம் தெரியுது. இத எப்படி மிதிக்க?"

பாய்க்குத் தாராவியில் லேத்துப் பட்டறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். கோட்டைப் பகுதியில் நான் கணக்கராக இருந்த கம்பெனியின் லாரிகளை அவர்தான் பழுது பார்ப்பார். அவர் பில்களை நான் பாஸ் செய்வேன். பதினோரு வருஷத்தில் ஒரு பில்லில்கூட நான் திருத்தம் போட நேர்ந்ததில்லை. எனக்கு அதுவே பெரிய சிநேகிதம்.

அந்த மே மாதம் நான் வேலையை விட்டிருந்தேன். வயது ஐம்பத்தொன்று. மான்குர்த்தைத் தாண்டி, உப்பளங்களுக்கு அப்பால், கடல்நீர் ஏறாமல் இருக்கக் கரை போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. முந்நூறு கூலிக்காரர்கள். அவர்களுக்குத் தினமும் அரிசி, காய்கறி, குடிதண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கான்டிராக்ட் எனக்குக் கிடைத்தது. ரோடு கிடையாது. நாலு மைல் உப்புச் சேறு. மாட்டு வண்டி அச்சுவரை இறங்கிவிடும், லாரி இறங்கினால் எழுந்திருக்காது. அதனால் ஆகஸ்ட் முதல் தேதிக்குள் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய் டெபாசிட். தொடர்ந்து மூன்று நாள் சரக்கு போகாவிட்டால் கான்டிராக்டும் போகும், டெபாசிட்டும் போகும்.

வேலையை விட்டபோது கைக்கு வந்தது மொத்தம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. டெபாசிட் ஆயிரம், முதல் சரக்குக்கு ஐந்நூறு. மிச்சம் எட்டாயிரம், வண்டிக்கு. அது போனால் அந்த வயதில் என்னை யாரும் நாற்காலியில் உட்காரவைக்கப் போவதில்லை.

ராணுவம் கழித்த ஜீப்புகள் அப்போது மூவாயிரத்துக்கே கிடைத்தன. பாய்தான் தடுத்தார். "பர்மாச் சேத்துல முங்கி எந்திரிச்ச வண்டி அதெல்லாம். வாங்கும், வாங்கும். எனக்குப் பட்டறையில வேல கெடைக்கும், ஒமக்குத்தான் அரிசி போய்ச் சேராது."

ஷோரூமின் கோட்டுக்காரர் விலைப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். வண்டி 7,650. அதற்கு எஞ்சின், நாலு சக்கரம், முன்னால் இரண்டு சீட், அவ்வளவுதான். கித்தான் கூரை 210, பக்கத் திரை 95, பின் சீட் 120, ஸ்டெப்னி 185, டிரெய்லர் மாட்டும் கொக்கி 40. ஒவ்வொன்றாக நான் பென்சிலால் அடிக்க அடிக்க, கோட்டுக்காரரின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று.

"கூரையும் வேண்டாம்" என்றேன்.

"நாம நனஞ்சா காஞ்சிரலாம் சாமி. அரிசி நனஞ்சா கஞ்சிதான். கூரையப் போடும்."

"அப்போ ஸ்டெப்னி வேண்டாம்."

பாய் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஸ்டெப்னி இல்லாம புது ஜீப்பு வாங்குத மொத ஆளு இந்த பம்பாயில நீருதான். செரி, ஒரு பழைய சக்கரம் நான் தேத்தித் தாரேன்."

கூரையும் கொக்கியும் சேர்த்து 7,900. வரி, இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு 96. நாலு ரூபாய் மிச்சம் என்று எனக்கு ஒரு நிம்மதி. நாலாயிரம் முன்பணம் கட்டினேன். வண்டி வந்ததும் கடிதம் போடுவார்கள். பத்து நாளுக்குள் எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

ரசீது எழுதிக்கொண்டிருந்த கோட்டுக்காரர் தலை நிமிர்ந்து பாயைப் பார்த்தார். "நீங்கள் இங்கேயே இருப்பீர்களா?" என்று இந்தியில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். பாய் சிரித்தார். "பட்டறை இங்கே இருக்கிறது சேட், நான் எங்கே போக?" என்று இந்தியிலேயே பதில் சொன்னார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இந்த வாரத்துல இவரு மூணாவது ஆளு. கறிக்கடைக்காரனும் கேக்கான்."

அவருடைய அண்ணன், தோல் வியாபாரி, நாற்பத்தேழில் கப்பலேறிக் கராச்சிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். பட்டறையின் குத்தகை இரண்டு பேர் பேரிலும் இருந்தது. பாகிஸ்தானுக்குப் போனவர்களின் சொத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வண்டி வந்துவிட்டது என்ற கடிதம் ஜூலை 18, திங்கட்கிழமை, மாட்டுங்கா வீட்டுக்கு வந்தது. மழை அன்றைக்கு விடவே இல்லை. கடிதத்தின் மை கலங்கியிருந்தது. அதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். ஆடி மாதத்தைப் பாலக்காட்டில் கர்க்கடகம் என்போம். அது பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஏன்னா, கர்க்கடகத்திலயா புது வண்டி எடுக்கப் போறேள்?"

"பத்து நாளைக்குள்ள எடுக்கணும். இல்லேன்னா கிடையாது."

"கிடையாதுன்னா போட்டும். போன தடவை கர்க்கடகத்தில வீடு மாத்தினது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. வடாலாவிலிருந்து மாட்டுங்காவுக்கு வாடகை மூன்று ரூபாய் குறைவு என்று ஒரு கர்க்கடகத்தில் மாறினோம். அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் இரண்டாவது பெண் ஜுரத்தில் போய்விட்டாள். அதற்கப்புறம் கர்க்கடகத்தில் என் மனைவி ஒரு புது விளக்குமாறுகூட வாங்கியதில்லை. இந்தப் பேச்சில் நான் அவளை எதிர்த்து ஒரு நாளும் ஜெயித்ததில்லை, ஜெயிக்க விரும்பியதும் இல்லை.

ஆனால் ஆவணி வரை காத்திருந்தால் வண்டி அடுத்தவனுக்கு, கான்டிராக்டும் இல்லை. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பாய் வந்தார். வாசலில் நின்று குடையை உதறியபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"இதுக்கா இம்புட்டு யோசன? எம்பேர்ல எடுத்துருவோம். ஆடியெல்லாம் எனக்கேது? ஆவணி பொறந்ததும் உம்ம பேருக்கு மாத்திப்புடலாம்."

"பணம் நம்ம பணம்தானே? கர்க்கடகம் பணத்தைப் பார்க்காதா?" என்று நான் மனைவியைக் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "பேரைத்தான் பார்க்கும். சங்கல்பத்தில பேரைத்தானே சொல்றோம், பணத்தையா சொல்றோம்?"

"அம்மா சொன்னா செரிதான்" என்றார் பாய். "தோஷம் எம்மேல வரட்டும். எம்மேல இருக்க மத்ததோட அதும் இருந்துட்டுப் போவுது."

அவள் சிரித்துவிட்டாள். பெட்டியைத் திறந்து மீதிப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

ஜூலை 25, திங்கட்கிழமை வண்டியை எடுத்தோம். பதிவுப் புத்தகத்தில் பாயின் பேர், தாராவி விலாசம். எனக்கு ஓட்டத் தெரியாது, பாய்தான் ஓட்டினார். செம்பூர் தாண்டி மான்குர்த்தில் ரோடு முடிந்த இடத்தில் நிறுத்தினார். முன்னால் ஈயத்தகடு மாதிரி சேறு, அதன்மேல் மழை. எது தரை எது கழி என்று தெரியவில்லை. பாய் குட்டைக் கம்பி ஒன்றைப் பின்னுக்கு இழுத்தார். அடியில் என்னவோ கடகடவென்று பிடித்துக்கொண்டது. வண்டி சேற்றுக்குள் இறங்கியது, முன்மூக்கு முங்கியது. நான் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறவும் சாமி. காசு குடுத்தவரு பாக்க வேண்டாமா?"

திறந்தபோது நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். அந்தப் பரப்பில் எங்களைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. கறுப்பாக ஒரு கம்பம் மட்டும் நின்றது. மழை ஓய்ந்த ஒரு நிமிஷத்தில் எஞ்சின் சத்தம் எதிலிருந்தோ திரும்பி வந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னொரு வண்டி வருவதுபோல் இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் முதல் தேதி சரக்கு போயிற்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆகஸ்ட் 17, புதன்கிழமை ஆவணி பிறந்தது. அன்றைக்கே பாயும் நானும் மோட்டார் பதிவு அலுவலகத்தில் பேர் மாற்ற மனுக் கொடுத்தோம். அங்கிருந்த குமாஸ்தா மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தவன் பாயின் விலாசத்தை மறுபடி சொல்லச் சொல்லித் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டான்.

ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. மான்குர்த்தில் தண்ணீர் டிரம்மை ஏற்றிக்கொண்டிருந்தபோது அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் ஒரு போலீஸ்காரரோடு வந்தார்கள். சத்தம் போடவில்லை. பாயின் பேரைக் கேட்டார்கள், அண்ணன் பேரைக் கேட்டார்கள். ஜீப்பின் கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டி அரக்கு வைத்தார்கள். அதே நேரத்தில் தாராவிப் பட்டறையின் கதவிலும் அரக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. டிரம்மை நாங்களே கீழே இறக்கினோம்.

மறுநாள், போனவர்களின் சொத்தைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் பாயோடு போனேன். தாழ்வாரம் முழுக்க சிந்துவிலிருந்து வந்த அகதிகள், கையில் மனுவோடு, குழந்தைகளோடு. போனவர்கள் விட்ட வீடு ஏதாவது கிடைக்குமா என்று உட்கார்ந்திருந்தார்கள். பாயை அவர்கள் பார்த்த பார்வையில் கோபமில்லை. அளவெடுப்பது போல் இருந்தது.

அதிகாரிக்கு என் வயது இருக்கும். இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார்.

"முன்பணம் உங்கள் பேரில். வண்டி இவர் பேரில். ஒரு மாதத்துக்குள் திரும்ப உங்கள் பேருக்கு. ஏன்?"

கர்க்கடகத்தைச் சொன்னேன்.

"அது எந்த மாதம்?"

"ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை."

"ஜூலையில் வண்டி வாங்கக் கூடாதா?"

"கூடாது."

"ஆனால் வாங்கியிருக்கிறீர்கள்."

"வாங்கினேன். என் பேரில் இல்லை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நானும் கராச்சியை விட்டுக் கிளம்பும் முன் என் காரை ஒரு சிநேகிதர் பேருக்கு மாற்றினேன். ஒரு மாதத்துக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தேன். கிளம்பப் போகிறவன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும். இவர் சொத்தைக் கைமாற்றிவிட்டுப் புறப்படத் தயாராகிறார். நேரான பணம் இப்படி வளைந்து வளைந்து போகாது."

பாய் எழுந்து நின்றார். "நான் போகப் போறவனா இருந்தா சார், புது வண்டிக்குப் பழைய சக்கரம் தேடிக்கிட்டு அலைவேனா?" என்று இந்தியில் கேட்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். மொழிபெயர்த்து அத்தாட்சி வாங்கிவரச் சொன்னார்கள். கர்க்கடகத்தில் சுபகாரியம் விலக்கு என்று ஒரு வக்கீல் டைப் அடித்த இங்கிலீஷில் படித்தபோது, எனக்கே அது ஒரு பொய்யாகத்தான் ஒலித்தது. மூன்று நாள் சரக்கு போகவில்லை. நாலாம் நாள் கான்டிராக்ட் வேறொருவருக்குப் போயிற்று.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. அத்தனை தேதிக்கும் பாய் வந்தார். நடுவில் ஒரு நாள் தாழ்வாரத்தில், "சாமி, ஒமக்கு நம்பிக்கை இருக்கா, இல்ல நீரும் கேக்கணும்னு இருக்கீரா?" என்றார். எந்தக் கேள்வியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனித்தாரா, கேட்க நினைத்ததைக் கவனித்தாரா, தெரியாது.

1950 மார்ச் 27, திங்கட்கிழமை, வண்டி என்னுடையதுதான் என்று உத்தரவு வந்தது. பட்டறையில் அண்ணனுடைய பாதி அரசுக்கு, பாயின் பாதி பாய்க்கு. "லேத்தப் பாதியா அறுத்தா ரெண்டு பக்கமும் சுத்தாது" என்று பாய் தன் பாதியைக் கேட்ட விலைக்கு விட்டுவிட்டார். ஜீப்பின் பேர் மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். மறுவாரம் அவரும் அவர் மனைவியும் மெட்ராஸ் மெயிலில் ஏறினார்கள். டிக்கெட் வாங்க நான் பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"எல்லாவனும் போவியா போவியான்னு கேட்டான்" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து. "இப்பம் போறேன். அவனுவ சொன்ன ஊருக்கு இல்ல, மேலப்பாளையத்துக்கு. மறுக்கா ஒரு நாள் அங்க வந்தும் கேப்பான்."

ஜீப்பை ஒரு மழையும் ஒரு வெயிலும் திறந்த வெளியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கூரையை எலி தின்றிருந்தது. பாட்டரி செத்திருந்தது. டயர்கள் நசுங்கிப் பிளந்திருந்தன. கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து இழுத்து வந்தேன். வாசலில் வந்து பார்த்த என் மனைவி, "இது மீனம். நல்ல மாசம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் கையில் வளையல் இல்லை, வக்கீலுக்குப் போயிருந்தது.

பாய்க்கு என்ன செலவாயிற்று என்று இரண்டு கடிதத்தில் கேட்டேன். பதிலில் எல்லாரையும் விசாரித்திருந்தார், அதை மட்டும் எழுதவில்லை. என்னுடையதைத்தான் என்னால் சொல்ல முடியும். வண்டி, வரி எல்லாம் 7,996. போன டெபாசிட் 1,000. வக்கீல் 350. பஞ்சாங்கத்தை மொழிபெயர்க்கவும் அத்தாட்சி வாங்கவும் பதினாலு ரூபாய் ஆறணா. வண்டியை நிறுத்தி வைத்ததற்கு, நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம், 211. பழுது பார்த்தது 403. இதுவரை பார்த்திராத ஒரு பட்டறையில், பில்லில் மூன்று திருத்தம். ஆக மொத்தம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு ரூபாய், ஆறணா.