ஹனூர் பதினேழு

புதுக் கைபேசி வாங்கினால் பழைய எண்களெல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. போன வாரம் அதில் கேஸ்காரர் எண்ணைத் தேடிய மகள், "அம்மா, ஹனூர் 17ன்னு இருக்கே, பஸ் நம்பரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னால் எனக்குக் காது சூடாகும். அன்றும் சூடாயிற்று.

காது அப்படிக் கொதித்த இன்னொரு நாளும் உண்டு. நினைத்தாலே பினாயிலும் பழைய அட்டைக் கோப்பும் கலந்த வாசனை வருகிறது. மைசூரில் எனக்கு அது முதல் வேலை. ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளியியல் உதவியாளர். அக்ரஹாரத்து வீட்டுக்காரம்மா, நான் கம்ப்யூட்டரில் கேன்சரைக் கண்டுபிடிக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. அந்த மரியாதையில்தான் ஞாயிறுதோறும் பிசிபேளே பாத் கிடைத்தது.

உண்மையில் என் வேலை கோடு வரைவது. பழைய மருந்து வாங்கியவர்களுக்கு ஒரு கோடு, புது மருந்துக்காரர்களுக்கு ஒரு கோடு. ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். புது மருந்தின் கோடு பாதி வழிக்குப் பிறகு இறங்கவே இல்லை. திங்கட்கிழமை எங்கள் பிரிவின் தலைமை டாக்டர் அதைப் பெங்களூரில் ஒரு குழுவிடம் காட்டப்போகிறார். அவர்கள் சரி என்றால் இனி வருகிற நோயாளிகள் எல்லோருக்கும் அந்த மருந்துதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பட்டியலைச் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். பதினேழாவது வரிசையில் ஹனூர்ப் பெண் ஒருவர். நோய் முற்றிய நிலையில் வந்தவர், புது மருந்து, இரண்டே தடவை வந்திருக்கிறார். என் கணக்கில் மூன்று வருடமாக உயிரோடு இருந்தார்.

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். இறந்த தேதி காலியாக இருந்தால் இன்றுவரை உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள் என்று ஒரு வரி. வராமல் நின்றவர்களைக் கடைசியாகப் பார்த்த நாளோடு நிறுத்தியிருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. பரீட்சையில் இதையே இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். புது மருந்துக்கு வாராவாரம் வர வேண்டும். ஹனூர், குண்டலுபேட்டைக்காரர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து எத்தனை வாரம் பஸ் ஏறுவார்கள்? புது மருந்துப் பக்கம்தான் காலி இடங்கள் அதிகம்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கால்மணி நேரம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு போய்ச் சொன்னேன்.

டாக்டர் தாளைப் பார்த்தபடியே, "யாரு பரெதத்து இதன்ன?" என்று, எழுதியது யாரெனக் கேட்டார்.

"நானே சார்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "எல்லரிகூ போன் மாடி," எல்லோரையும் கூப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

வார்டு நர்ஸ் ரீட்டா சிஸ்டர் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்துவிடும். "அழாத கணே. அழுதா நம்பர் தப்பாப் போடுவ," என்றார். கன்னடக்காரர்களுக்கு அவரும் தமிழர்களுக்கு நானுமாகச் சனிக்கிழமை மாலைவரை கூப்பிட்டோம். "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, மறுமுனை பேசும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஒரே ஒரு அம்மாள் தானே எடுத்து, மாடு கறந்துகொண்டிருக்கிறேன், அப்புறம் பேசு என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மற்றவை அப்படி இல்லை. ஒவ்வொரு தேதியாக எழுத எழுதப் புது மருந்தின் கோடு படிப்படியாக இறங்கி, பழையதோடு ஒட்டிக்கொண்டது.

பதினேழைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். மருத்துவமனைத் தொலைபேசி அதற்குள் பழுதாகிவிட, என் கைபேசியிலேயே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார் கணவர்.

"அவ போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க," என்றார். நாளும் கிழமையும் சரியாகச் சொன்னார். எழுதிக்கொண்டு வைக்கப் போனேன். "ஏனுங்க, ஆசுபத்திரில இருந்து என்னிக்காச்சும் கேப்பாங்கன்னு நம்பரக் கூட மாத்தல. இத்தன நாளா ஏனுங்க கூப்புடல?"

காது கொதிக்க ஏதோ ஒரு காரணம் சொல்லி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை டாக்டர் பெங்களூர் போய், புது மருந்தால் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். என் வேலையும் போகவில்லை.

விதிப்படி அந்த எண்ணை அன்றே அழித்திருக்க வேண்டும். ஒருநாள் அவரைக் கூப்பிட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பதில்தான் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கோப்பு அறை இல்லை, இடித்துவிட்டார்கள். ரீட்டா சிஸ்டரும் இல்லை. இன்றைய மென்பொருள், கடைசியாகப் பார்த்த தேதி காலியாக இருந்தால் சிவப்பில் கேட்கிறது.

இன்று காலை மகள் பள்ளிக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு ஹனூர் 17ஐ அழைத்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பதிவுசெய்த பெண் குரல் கன்னடத்தில் சொன்னது. இன்னொரு முறை அழைத்தேன். அதையே சொன்னது. அவர் எத்தனை வருடம் அதை மாற்றாமல் வைத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது.