மூன்று வீட்டு மருந்து

எங்கள் ஊரில் முதியவர்கள் யாரும் தாம் முழுச் சௌக்கியமாக இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. அப்படிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று அஞ்சினார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சிறு குறையை வைத்திருந்தார்கள். நாங்கள் ஐயா என்றழைத்த என் தகப்பனாரின் தகப்பனார் வைத்திருந்த குறை தூக்கமின்மை. யார் நலம் விசாரித்தாலும், "எங்கிட்டுத் தூக்கம்? கோழி கூவுமுன்ன முழிச்சுக்கிறேன்" என்பார்.

இதை அவர் தம் மூன்று பிள்ளைகளிடமும் சொல்லிவைத்ததுதான் வினையாயிற்று. ஆவுடையார்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்த பெரிய அத்தை, அவ்வூர் வைத்தியரிடம் லேகியம் வாங்கிவந்தாள். அறந்தாங்கியிலிருந்த சின்ன அத்தை, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஏணிப்படிபோல் கத்தரித்த காகிதம் ஒட்டிய புட்டியில் சிவப்பு மருந்து கொண்டுவந்தாள். மகன் மட்டும் சும்மா இருக்கலாமா என்று என் தகப்பனார் புதுக்கோட்டையிலிருந்து பொடிப் பொட்டலங்கள் வாங்கினார். மருந்து கொடுத்த வைத்தியர்கள் மூவரும் விவரம் தெரிந்தவர்களே; ஆனால் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை.

ஐயா நீதிமான். "ஒருத்தி குடுத்ததைக் குடிச்சுட்டு இன்னொருத்தி குடுத்ததை மூடிவச்சா, பிள்ளைகளைப் பிரிச்சுப் பாத்த மாதிரி ஆயிராதா?" என்று சொல்லி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றையும், பிள்ளைகள் பிறந்த வரிசை தவறாமல் உட்கொண்டார்.

சில வாரங்களில் அவருடைய பேச்சு குழறியது. நடை தள்ளாடியது. கள்ளுக்கடைப் பக்கமே போகாத மனிதரைப் பற்றி ஊரார் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார்கள். தகப்பனார் தளர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட பெரிய அத்தை, பதறிப்போய்ச் சுண்டைக்காயளவு லேகியத்தை நெல்லிக்காயளவாக உயர்த்தினாள்.

அந்நாளில் ஐயா அரிமளத்தில் ஒருவரிடமிருந்து புதிதாக ஒரு ஜோடி மாடு பிடித்திருந்தார். ஒருநாள் காலை என்னையும் ஏற்றிக்கொண்டு வயலுக்கு வண்டி பூட்டினார். ஊரெல்லை தாண்டியதும் அவர் தலை மார்பில் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டே வண்டி ஓட்டும் அவருடைய திறமையை வியந்தவாறு நான் பேசாமல் அமர்ந்திருந்தேன். வயல் வந்தது, வயல் போயிற்று. கேட்பாரற்ற மாடுகள், தமக்குத் தெரிந்த ஒரே வீட்டை நோக்கி நிதானமாக நடந்து, அரிமளத்தில் தம் பழைய தொழுவத்தின் முன் போய் நின்றன.

மாடு விற்றவர் வெளியே ஓடிவந்தார். "என்னங்க, மாடு பிடிக்கலையா? திருப்பிவிட வந்தீங்களா?"

ஐயா கண் விழித்தார். "வாங்க, வாங்க" என்று அவரை வரவேற்றார். "நீங்க எப்ப எங்க ஊருக்கு வந்தீங்க?"

அன்று மாலையே என் தகப்பனார் மாடுகளை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். "பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டு எங்கயாச்சும் குளத்துல எறக்கியிருந்தா?" என்று கேட்டார். ஐயா எழுந்தார். தொழுவத்துக்குப் போய் மாட்டின் கழுத்தைத் தடவியபடி, "வண்டியும் இல்லைன்னா, அப்புறம் என்னையும் இங்ஙனயே கட்டிப்போட்டுருங்க" என்றார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

என் தாயார்தான், விற்குமுன் ஒருமுறை திருமயத்து டாக்டரிடம் காட்டலாம் என்றாள். தத்தம் மருந்தின் மானத்தைக் காப்பதற்காக அத்தைமார் இருவரும் உடன் வந்தார்கள். மருந்துகளைப் போட்டுக் கொண்டுபோன ஓலைக் கொட்டானில் இருந்தவற்றை டாக்டர் மேசைமேல் எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் வீட்டுல யார் யாருக்கு?"

"எல்லாம் எங்கப்பாவுக்குத்தாங்க" என்றாள் சின்ன அத்தை.

"ஒரே ஆளுக்கா? அம்மா, இது மூணுமே தூக்க மருந்து. மூணு வீட்டுத் தூக்கத்தை இவர் ஒருத்தரே தூங்கிக்கிட்டிருக்கார்."

"வயசானவுகளுக்குக் கூடக் கொஞ்சம் குடுத்தாத்தானே பிடிக்கும்?" என்றாள் பெரிய அத்தை.

"நேர்மாறு. வயசான ஒடம்புலருந்து மருந்து லேசுல வெளியேறாது. நேத்துக் குடிச்சது உள்ள இருக்கும்போதே இன்னைக்குக் குடிச்சதும் போய்ச் சேரும்." பிறகு ஐயாவிடம் திரும்பினார். "பெரியவரே, எப்பப் படுப்பீங்க?"

"வெளக்கு வச்சதும் சாப்புட்டுப் படுத்துருவேங்க. கோழி கூவுமுன்ன முழிப்பு வந்துரும்."

"கோழி கூவுற வரைக்குமா? எனக்கு அதுல பாதித் தூக்கம் கெடைச்சா ஒங்க ஊர்ச் சாமிக்குப் பொங்கல் வைப்பேன்."

ஐயா வெட்கத்துடன் சிரித்தார். மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். யாருடையதை முதலில் குறைப்பது என்று அத்தைமார் ஒருவரையொருவர் நோக்கினார்கள். டாக்டர் குடும்பங்களை அறிந்தவர். "மூணையும் ஒண்ணா, பாதிப் பாதியா" என்றார். "இனிமே எதைக் குடுக்கறதா இருந்தாலும், ஏற்கெனவே குடுக்கறதையும் எடுத்து வந்து காட்டணும்."

அறுவடைக்குள் ஐயாவின் நடை சீரானது. என் தகப்பனார் ஒருநாள் முழுதும் வண்டியில் பக்கத்தில் அமர்ந்து சோதித்த பின்னரே, மாட்டுக்கயிற்றை அவர் கையில் கொடுத்தார். மருந்து கொண்டுவர வேண்டிய வேலை அத்தைமாருக்கு இல்லாது போனது. அவர்கள் வரவும் குறைந்தது.

தை பிறந்ததும் ஐயா விடியுமுன் வண்டி பூட்டி என்னை அறந்தாங்கிக்கு அழைத்துச் சென்றார். ஏதோ விசேஷம் என்று பட்டுப்பாவாடை உடுத்திப் போனேன். ஒன்றுமில்லை. சின்ன அத்தை அரிசி புடைத்தாள்; ஐயா அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு பெரிய பேச்சும் பேசவில்லை. மறுநாள் ஆவுடையார்கோவிலிலும் அவ்வாறே. அங்கே பெரிய அத்தை கொடுத்த மோரை அவர் வெகுநேரம் குடித்தார்.

திரும்பும் வழியில் பொறுக்கமாட்டாமல், எதற்காக வந்தோம் என்று கேட்டேன்.

"மாடு நடக்கணும்ல ஆத்தா" என்றார்.

மாடுகள் நடக்க வேண்டும் என்பதற்காக மனிதர்கள் இவ்வளவு தூரம் சிரமப்படுகிறார்களே என்று, அவற்றின்மேல் எனக்குச் சிறிது கோபம்கூட வந்தது.