கட்டம் கட்டமாய்க் கூப்பிட்ட கடிகாரம்

அந்தக் கடிகாரத்துக்குத் தமிழ் தெரியாது. மனைவி போனில் கூப்பிட்டால் அதில் அவள் பெயருக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் வரும். தேயிலைத் தோட்டத்து ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலும் கட்டங்கள்தான், கொஞ்சம் நீளமாக. கறுப்பு வெள்ளைத் திரை, பக்கத்தில் பொத்தான்கள். பார்த்தால் பிள்ளைகள் விளையாடும் சாமான் மாதிரி இருக்கும். ஹட்டனில் ஒரு ரிப்பேர் கடையில் பழசாக வாங்கினேன்.

"இத செஞ்ச கம்பெனியவே மூடிட்டாங்க அண்ணே, கெட்டுப்போனா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

கொழுந்து பறிப்பவர்களை வேலை வாங்கும் கங்காணிகளில் போனோடு பேசும் கடிகாரம் கட்டிய முதல் ஆள் நான். கொழுந்து மலையில் தேவைக்கு மேல் கையை ஆட்டிக்கொண்டு நடந்தேன்.

ஒரு வேலையை அது ஒழுங்காகச் செய்தது. மழைக்குப் பயந்து பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருக்கும் போன் அடித்தால், மணிக்கட்டில் நடுங்கும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வாரம் தாங்கும்.

எங்களுக்கு அந்த நடுக்கம் தேவைப்பட்டது. லயத்து வரிசை வீடுகளில் எங்களுடையதன் அடுப்படி, அந்தக் குசினிச் சுவர், மலையை ஒட்டியது. ஒரு மழைக்காலத்தில் அது வெடித்தது. எல்லா வீட்டிலும் செய்வதுபோல மனைவி வெடிப்பின் குறுக்கே மாவுப் பசையால் ஒரு பேப்பர் துண்டை ஒட்டினாள். பேப்பர் கிழிந்தால் மலை நகர்கிறது. கிழிந்த உடனே எனக்கு ஒரு மிஸ்ட் கால் தர வேண்டும், நான் ஓடி வந்து மாமியாரைத் தூக்க வேண்டும். அவரால் நடக்க முடியாது. தூக்குவதற்கும் லேசான ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் பனிமூட்டத்தில் பக்கத்துச் செடியே தெரியவில்லை. மணிக்கட்டில் ஏதோ நெளிந்தது. ரத்தம் குடிக்கும் அட்டை என்று நினைத்து, அதற்கென்றே பையில் வைத்திருக்கும் சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்தேன். மறுபடியும் நெளிந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"என்னா கங்காணி, கடிகாரத்த குளிப்பாட்டுறீங்களா?" என்றாள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. நிரை முழுவதும் சிரித்தது.

நானும் சிரித்துக்கொண்டே நுரையைத் துடைத்தேன். அடியில் கட்டங்கள். சின்ன வரிசை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் மனைவி நின்றாள்.

"ஏங்க, எத்தன தடவ அடிக்கிறது?"

பேப்பர் நடுவில் கிழிந்திருந்தது. மாமியாரை முதுகில் ஏற்றினேன்.

"மெதுவா போங்க மாப்ள, நா விழுந்துருவேன்" என்றார்.

"நீங்க விழுந்தா நாந்தான் அத்த அடியில."

கோயில் மண்டபத்தில் சில நாள் இருந்தோம். லயம் விழவில்லை. வேறு இடம் தருவதாக ஆபீஸில் சொன்னார்கள், பிறகு யாரும் வரவில்லை. திரும்பி அதே வீட்டுக்குப் போனோம்.

கடிகாரம் அதற்கப்புறம் கொஞ்ச காலம்தான் ஓடியது. முதலில் திரையில் கோடு விழுந்தது, பிறகு நடுக்கம் நின்றது. இப்போது கட்டியிருப்பது புதுசு. அழகாகத் தமிழ் எழுதுகிறது. என்னை எழுந்து நிற்கச் சொல்கிறது, மூச்சு விடச் சொல்கிறது. நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவனிடம்! பொழுது சாய்வதற்குள் அதுதான் மூச்சை விட்டுவிடுகிறது. கரண்ட் இல்லாத மழை நாட்களில் அது வெறும் வளையல்.

சுவர் வெடிப்புக்குள் இப்போது என் விரல் போகிறது. நேற்று மனைவி புதுப் பேப்பர் ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "இனி ஒங்களுக்குப் போன் அடிச்சிட்டு நிக்க மாட்டேன். கிழிஞ்சா அம்மாவ நானே இழுத்துட்டுப் போறேன்."

"முடியுமா ஒன்னால?"

அவள் பேப்பரின் ஓரத்தை விரலால் அழுத்தினாள். உள்ளேயிருந்து மாமியார், "முடியாட்டி விட்டுட்டுப் போ" என்றார்.



இன்று வேலைக்குப் போகவில்லை, பேர் விழாது, நாள் சம்பளமும் இல்லை. மாமியாரின் கட்டிலை வாசலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். மழை விடுவதாக இல்லை. மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.