மடியில் ரேடார் பெட்டி, ரோட்டில் பூசணிக்காய்: விழுப்புரம் – திண்டிவனம், 37 கிலோமீட்டர்

போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார். சென்னையிலிருந்து திருச்சிக்குப் பைக்கில் போகப்போகிறாராம். முன்னால் போலீஸ் மெஷின் வைத்து வேகம் பிடித்தால் கத்திக் காட்டுகிற ரேடார் டிடெக்டர் ஒன்று வாங்கி மாட்டலாமா, எதைப் பார்த்து வாங்குவது, பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டிருந்தார். மெஸ்ஸும் கோயிலும் எழுதுகிறவளிடம் வந்து இதைக் கேட்கிறாரே என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உறைத்தது. அட, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் போன முதல் பொம்பளையே நானாகத்தானே இருப்பேன்!

வருஷம் 1987. ஆயுத பூஜை நாள். விழுப்புரத்தில் ஒரு ரைஸ் மில் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர் மாணிக்கம். துபாயில் இரண்டு வருஷ டிரைவர் வேலைக்கு மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவரிடம் பதிந்து வைத்திருந்தோம். எனக்கு அந்த வேலையின் மேல் அப்படியொரு வெறி. மழைக்கு ஒழுகாத சொந்த வீடு, அதில் எனக்கென்று ஒரு பீரோ என்று கனவிலேயே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன். சிக்கல் என்னவென்றால், அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் வேகமாகப் போனதற்காக ஏற்கெனவே ஒரு கேஸ் எழுதியிருந்தது. இன்னொன்று விழுந்தால் துபாயை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஏஜென்ட் கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை பத்தரைக்குத் தந்தி வந்தது. மாலை நாலு மணிக்குள் பாஸ்போர்ட், லைசென்சோடு மெட்ராஸ் ஆபீசில் இருக்க வேண்டும், மறுநாள் டெஸ்ட். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப் பார்த்தால் லீவுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் படிக்கட்டில் தொங்கியது. மிச்சம் இருந்தது எங்கள் 350 சிசி பைக்தான். வேகமாகப் போனால்தான் நாலு மணிக்குப் போய்ச் சேர முடியும். வேகமாகப் போய் மாட்டினால் வேலை போச்சு.

மெட்ராஸிலிருந்து வேகம் பிடிக்கிற ரேடார் மெஷின் ஒன்று வந்து ஊர் ஊராகச் சுற்றுகிறது என்று அப்போது லாரிக்காரர்கள் மத்தியில் ஒரே பேச்சு. வழக்கமாக எதிரே வருகிற லாரி லைட்டைப் போட்டு அணைத்தால் முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அதுவும் கிடையாது. எல்லா லாரிக்கும் ஹெட்லைட் மேலேயே சந்தனத்தை அப்பி, மாலை போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். லைட்டைப் போட்டால்கூட வெளியே தெரியாது.

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி சிங்கப்பூரிலிருந்து இரண்டு டிடெக்டர் கொண்டுவந்து, "ஒண்ணு நீ எட்துக்கோக்கா, இன்னொண்ணு பாண்டிச்சேரில வித்துக்கலாம்" என்று எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தான். எனக்கு இந்த மாதிரிச் சாமான் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். இரண்டையும் பக்கத்து ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கார் பேட்டரியில் மாட்டிச் சோதித்தேன். முதல் பெட்டியில் சின்னச் சிவப்பு பல்பு மட்டும் எரியும். விழுப்புரத்து உச்சி வெயிலில் அது எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பிரம்மாவுக்கே தெரியாது. இரண்டாவதில் சத்தமும் வரும், ஆனால் பைக் சத்தத்தில் அது எந்த மூலைக்கு? பக்கவாட்டில் இயர்போன் ஓட்டை இருந்ததால் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த தலைவலி கரண்ட். பெட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட், எங்கள் வண்டியிலோ ஆறுதான். அதே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி இரவல் வாங்கி, ஒன்றோடொன்று கோத்து, வயர் கூடையில் வைத்தேன். ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் கூடை, அதன் மேல் இடது கையால் பிடித்த பெட்டி, காதில் டிரான்சிஸ்டர் இயர்போன். பெட்டி கத்தினால் அவர் தோளில் நான் ஒரு தட்டு, உடனே அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

"இன்னாடி இது, கறிகா கூடய எட்துக்கினு சந்தைக்குப் போற மாரி கீற?" என்றார்.

"பேசிக்கினே நிக்காதீங்க, வண்டிய எடுங்க. மணியாவுது!" என்று விரட்டினேன்.

பன்னிரண்டரைக்குப் புறப்பட்டோம். பெட்ரோல் இரண்டு நாள் முன்னால் ரொப்பியது, அதனால் எங்கேயும் நிற்கவில்லை. விக்கிரவாண்டி வரை பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பெட்டி வாயே திறக்கவில்லை. முள் எழுபதைத் தொட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. போலீஸ் இல்லையே என்று சந்தோஷப்படாமல், ஒருதரமாவது கத்தித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. என்ன ஜென்மமோ நான்!

கூட்டேரிப்பட்டு தாண்டுகிற இடத்தில் காதில் லேசாகக் கிர்ர் என்றது. தட்டினேன். முப்பதுக்குக் குறைத்தார். சுற்றிப் பார்த்தால் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காயப் போட்டிருந்த களமும், அதைக் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும்தான். "நல்லா புட்ச்ச போ, மல்லாட்ட போலீசு" என்று சிரித்துவிட்டு மறுபடி முறுக்கினார். பெட்டி எதைக் கண்டு கத்தியது என்று யோசித்துக்கொண்டே மீதி வழியை ஓட்டினேன், அதாவது பின்னால் உட்கார்ந்தபடி.

திண்டிவனத்துக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் லாரி பட்டறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் வாழைக்கன்று, சீரியல் பல்பு. திருஷ்டி சுற்றிய பூசணிக்காயைக் குங்குமம் கொட்டி நடு ரோட்டில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் புளியமரத்தடியில் ஒரு போலீஸ் ஜீப். அந்த நேரம் பார்த்துப் பெட்டி என் காது கிழிகிற மாதிரி அலறியது. பயத்தில் தோளில் ஓங்கியே அடித்துவிட்டேன். அவர் பிரேக்கை அழுத்த, முன் சக்கரம் பூசணிச் சதையில் ஏற, வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்தது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, புடவை நாசம். அவர் வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. பட்டறை ஆட்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஜீப்பிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். வேட்டி கட்டிய மாப்பிள்ளை மாதிரி ஜீப்பே சந்தனமும் பூவுமாக இருந்தது.

"இன்னாப்பா, அவ்ளோ ஜல்தி இன்னா? பொண்டாட்டிய வேற ஒக்கார வச்சிக்கினு! எட்ரா லைசென்ஸ."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். புத்தகத்தைப் புரட்டியவர் பழைய கேஸைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏற்கெனவே ஒண்ணு கீதே."

"சார், இன்னொண்ணு எழுதிடாதீங்க சார். துபாய் வேல சார், நாளைக்கு டெஸ்ட்டு. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

ஏட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எத்தோட எய்துறதும்மா? கேஸ் புக்கு, பேனா, மெட்ராஸ்லருந்து வந்த மெஷினு, அல்லாம் ஸ்டேஷன்ல சாமி முன்னால படச்சி வச்சிக்கீது. நாளிக்குப் பூஜ போட்டுட்டுத்தான் எடுப்போம். இன்னிக்கி எவன் தொடுவான்?"

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காதுல இன்னா? மேட்சா?" என்றார். "ரேடியோ சார்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

மெஷினே சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்றால் பெட்டி எதற்குக் கத்தியது? கையில் சிராய்ப்போடு அங்கேயே நின்று கவனித்தேன். சீரியல் பல்புக்காக ஓடிய ஒரு பழைய ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம் இயர்போன் அலறியது. இத்தனை பேஜாரும் அதனால்தான். எரிச்சலில் அந்தப் பெட்டியை அங்கேயே போட்டு மிதிக்கலாமா என்றிருந்தது.

வண்டியைப் பட்டறையில் விட்டோம். மெட்ராஸ் போகிற லாரி ஒன்றை ஏட்டே கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார். போய்ச் சேரும்போது ஐந்தரை. ஆபீசில் ஃபைல்களுக்குப் பொட்டு வைத்துப் பூஜை முடித்திருந்தார்கள். எங்கள் கையில் பொரியும் கடலையும் கொடுத்து, "இன்னைக்கு யாரும் பேனா தொட மாட்டோம், காலைல வாங்க" என்றார்கள். நாலு மணி என்று தந்தி அடித்தவருக்கே அது நினைவில்லை. அந்தப் பொரியை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தம்பி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் அந்தப் பெட்டிக்கு உங்கள் ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். கொடுத்தாலும் பைக்குக்கு வாங்குவதென்றால் ஹெல்மெட்டுக்குள் கேட்கிறதா, வெயிலில் கண்ணுக்குத் தெரிகிறதா, மழையில் நனைந்தால் தாங்குமா, வண்டியின் கரண்டுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். கேமராவும் லேசரும் வந்துவிட்ட காலத்தில் பழைய மாடல் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். அது கத்தினால் பிரேக்கைக் கவ்வாதீர்கள், ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்கள். ஆயுத பூஜைக்கும் மறுநாளும் திண்டிவனம் பட்டறைப் பக்கம் நாற்பதுக்கு மேல் போகவே போகாதீர்கள், பூசணிக்காயை எந்தப் பெட்டியும் காட்டிக்கொடுக்காது.

டெஸ்ட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காலையில் ஒரு பெரிய லாரியைக் கொடுத்து ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். வீங்கின கையால் ஸ்டியரிங்கை ஒடிக்க முடியவில்லை. சுவரில் இடித்துவிட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

திண்டிவனம் திரும்புகிற பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் திட்டினேன். பட்டறைக்காரனை, ஏட்டை, தந்தி அடித்தவனை, பெட்டி கொண்டுவந்த என் தம்பியை, ஒருத்தர் பாக்கியில்லை. அவர் கையைக் கழுத்துத் துண்டில் தொட்டில் மாதிரி கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்மருவத்தூர் தாண்டியதும் மெதுவாகத் திரும்பினார்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? செவுத்துல இடிச்சப்போ எனுக்கு அப்பாடான்னு இருந்திச்சி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்பறம் எதுக்கு எழுபதுல பறந்தீங்க? புடிக்கலன்னா மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஆசப்பட்டியே" என்றார். "ரெண்டு வருசம் உன்ன வுட்டுட்டு எப்டி இருப்பேன்னு ஒருநாளும் நீ கேக்கவே இல்லியே."

நான் கேட்கவில்லைதான். திண்டிவனம் வரும்வரை அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன்.