ஊசி ஒடிந்த பிஸ்டல்

உத்தமபாளையம் தாலுகா கச்சேரியில் துப்பாக்கி லைசென்சுகளை நான் கவனித்துவந்த சமயம், ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் வருஷந்தோறும் தன் பிஸ்டலைக் காட்ட வருவார். ஒடிசலான ஆள். சித்திரை வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். பேச்சுக்கு நடுவே, தோட்டா இல்லாத பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டு விசையை அமுக்குவார். ‘டிக்’கென்று கேட்கும்.

ஒரு வருஷம் அந்தச் சத்தம் வரவில்லை. தோட்டாவைத் தட்டும் ஊசி உள்ளே ஒடிந்திருந்தது. அந்த ரகப் பிஸ்டல் செய்வதையே சீமைக் கம்பெனி நிறுத்திவிட்டதாம். மதுரைக் கடையில் கைவிரித்தார்கள். கம்பத்துப் பட்டறையில் அடித்த ஊசி வளைந்துபோனது. இவர் கூலிப் பணத்தோடு ஏறும் மலைப்பாதையில்தான், போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையை வெட்டிப்போட்டிருந்தார்கள்.

“தோட்டா இல்லாம அடிச்சா ஊசி ஒடியும்னு கடையில சொல்லலியா?” என்றேன்.

“சொன்னாக. கெணத்து எஞ்சினைத் தெனம் ஓட்டாட்டி மக்கர் பண்ணுதுல்ல? இதுவும் மிஷினுதான அய்யா.”

தேவதானப்பட்டியில் ஒருவரிடம் அதே ரகம் துருப்பிடித்துக் கிடப்பதை விசாரித்துச் சொன்னேன். அதன் ஊசியை வாங்கி மாட்டிக்கொண்டு, கூலிப் பணத்தோடு மலையேறும் வழியில் என்னிடம் வந்து காட்டினார்.

“இதுவும் போச்சுன்னா வேற கிடையாது. பத்திரம்” என்றேன்.

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். வாசலில் ‘டிக்’.

“அடிக்காதீக!” என்று கத்தினேன்.

“ஓடுதான்னு பாக்குறேன் அய்யா.”

மறுபடி ‘டிக்’. அடுத்த தடவை சத்தம் வரவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிஸ்டலைக் கோட்டுக்குள் வைத்து, கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் நடந்தார்.