ரெஜினா அக்கா இல்லாத புகார் மேசை

ரெஜினா அக்கா இறந்துவிட்டார்.

எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்க்கிறேன்... நம்ப முடியவில்லை.

இன்று காலை சங்கராபுரத்திலிருந்து ஆபீசுக்கு வரும் பஸ்சிலேயே நெஞ்சு வலி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஐம்பத்தொரு வயது.

நேற்று மாலைகூட, ஒரு நோட்டீஸில் 'எச்சரிக்கிறோம்' என்று போடுவதா 'கேட்டுக்கொள்கிறோம்' என்று போடுவதா என என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

அவரைத் தெரியாதவர்களுக்காக... எங்கள் சங்கம் ரத்தப் பரிசோதனை செய்பவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. தேறியவர்கள் மட்டும்தான் போர்டிலும் ரிப்போர்ட்டிலும் எங்கள் முத்திரையைப் போடலாம். அது பதிவு செய்த டிரேட்மார்க். தேறாதவர்கள் போட்டால் புகார் வரும். அந்தப் புகார் எல்லாம் அக்கா மேசைக்குத்தான்.

பதினோரு வருஷம் எதிரெதிர் மேசை.

ஒரு முறை மூங்கில்துறைப்பட்டிலிருந்து புகார். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து லேபில் முத்திரை இருக்கிறது, உள்ளே இருப்பவர் தேர்வே எழுதாதவர் என்று. கூடவே போட்டோ. நான் உடனே நோட்டீஸ் டைப் அடிக்க உட்கார்ந்தேன்.

"இன்னா கௌசி, போட்டோவ பாத்தே தீர்ப்பு எழுதிக்கினு இருக்க? எழுந்து வா, நேர்ல போய்க் கேப்போம்."

போனோம். சுவரில் சான்றிதழ் இருந்தது. ஒரு பெண்ணின் பெயர். யார் என்று கேட்டதும் அந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் சம்சாரங்க. தை மாசம் தவறிட்டா. போர்ட எறக்க மனசு வரலீங்க."

அக்கா அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப ரத்தம் எடுக்கறது யாருங்க?"

"நாந்தாங்க... அவ கூட இருந்து பாத்துக் கத்துக்கினேன்."

"அவங்க பேரு போர்டுல அப்படியே இருக்கட்டுங்க. முத்திரை இருக்கக் கூடாது. அத நம்பித்தான ஜனங்க கைய நீட்டுறாங்க. இன்னியோட டெஸ்ட் எடுக்கறத நிறுத்துங்க. தை மாசத்துக்கப்புறம் வந்தவங்களுக்கெல்லாம் போன் பண்ணி, வேற எடத்துல பாத்துக்கச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. பெயிண்ட் வாங்கிவரச் சொன்னார். அந்த மனிதர் ஏணியில் ஏறி முத்திரையை அழிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அக்காதான்.

அப்புறம் அந்தக் கல்வராயன் மலை பைல்...

மலையில் ஒரு லேப், சான்றிதழ் இல்லாமலேயே ரிப்போர்ட் தாளில் எங்கள் முத்திரையை அச்சடித்து, ஒரு கர்ப்பிணிக்கு ரத்த அளவு சரியாக இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தது. மயங்கி விழுந்தவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பார்த்தால் பாதிகூட இல்லை. அவள் புருஷன்தான் புகார் கொடுத்தவர்.

அக்கா பைலைத் திறந்தார். மூடினார். என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீ பாரு. இது எங்க அண்ணன் புள்ள லேபு."

நான் பேனாவை எடுத்தேன்.

"எனக்குச் சொந்தம்னு கம்மியாவும் எழுதாத. நல்ல பேரு வாங்கணும்னு ஜாஸ்தியாவும் எழுதாத. உள்ளத எழுது."

எழுதினேன். அதை வைத்து சுகாதாரத் துறை லேபை மூடியது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டில் கூப்பிடவில்லை. "அவுங்க வூட்டு கேட்டாண்டயே கேக் டப்பாவ வெச்சிட்டு வந்துட்டேன்டி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போனவர் திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தது என்று தெரிந்த அன்று ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எதற்கென்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இன்று பதினொரு மணிக்கு அக்கா மேசை போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் போய் எடுத்தேன். திருநாவலூரிலிருந்து ஒரு அம்மா.

"ரெஜினா மேடம் இருக்காங்களா? எங்க ஊரு லேப்காரரு பாஸ் பண்ணவரான்னு பாத்துச் சொல்றேன்னாங்க..."

"மேடம்..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவின் பெயரையும் நம்பரையும் மட்டும் எழுதிக்கொண்டேன். இரண்டு முறை கேட்டு எழுதினேன்.

நாளை காலை சங்கராபுரம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

தூங்குங்க அக்கா.